விளக்கெண்ணெய் பூசிய நான்கு தகடுகள்

தம்பிக்கு,

இது அம்மா சொல்லச் சொல்ல தேவி எழுதுவது. எனக்கு எழுதத் தெரியாமல் இல்லை. ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள்தான். ஆனால் இறால் பண்ணையில் ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு விட்டுத் தரம் பிரித்ததில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. நாலு வரிக்கு மேல் பேனா நிற்பதில்லை. உன் தங்கையின் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்குமே. நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், அவள் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கி எழுதுகிறாள். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவாய். எனக்கும் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடும். காகிதம் என்றால் நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாதல்லவா.

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது தீசிஸ் முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பைண்டிங்குக்குக் கொடுக்கிறேன் என்றாய். அதோடு வைக்கவில்லை. "தூக்கமே வரலம்மா, அறைக்குள்ள அடைச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றாய். வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி என்றேன். வைப்பதற்கு முன் "வேற ஒண்ணும் சொல்லணுமாம்மா?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லப்பா" என்றேன். சொல்ல வேண்டியது இருந்தது. ஆறு மாதமாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இன்று பண்ணைக்கு லீவு சொல்லிவிட்டு, மத்தியானச் சோற்றை முடித்த கையோடு இவளை உட்கார வைத்திருக்கிறேன்.

போன கார்த்திகையில் மழை விட்டதும் நீ அந்த இரண்டு நீல ட்ரம்மையும் கொண்டுவந்து கிணற்றடிக்குப் பக்கத்தில் இறக்கினாய். மீமிசல் கரையிலிருந்து கேன் கேனாகக் கடல் தண்ணீர் எடுத்துவந்து இரண்டிலும் ஒரே அளவு நிரப்பினாய். ஒன்றில் மட்டும் நீ லேபில் காய்ச்சி எடுத்த அந்த மஞ்சள் பொடியைக் கரைத்தாய். அதை மருந்து ட்ரம் என்றோம், மற்றதை வெறும் ட்ரம் என்றோம். ஒவ்வொன்றிலும் ஆறு இரும்புத் தகடுகளை தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டாய். மாதம் ஒரு தகடு இதிலிருந்தும் அதிலிருந்தும் எடுத்து, துருவைக் கழுவி, எவ்வளவு இரும்பு கரைந்திருக்கிறது என்று கல்லூரித் தராசில் நிறுப்பாய். பக்கத்து வீட்டு சரசு எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, ஒங்க மவன் இரும்பை ஊறுகா போட்டுருக்கு? எப்ப எடுத்துச் சாப்புடுறது?" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே அவளுக்கும் சேர்த்து விளக்கினாய். அந்தப் பொடியில் இருக்கிற நைட்ரஜன் போய் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு போர்வையாகப் படுத்துக்கொள்ளும், உப்பும் காற்றும் உள்ளே போக முடியாது என்றாய். எனக்குப் புரிந்தது. நம் ஊரில் துரு தெரியாதவர்கள் யார்? ஜன்னல் கம்பி மூன்று வருடத்தில் ஒல்லியாகிவிடுகிறது. பண்ணையில் தண்ணீரை அடிக்கிற ஏரேட்டரின் போல்ட்டுகளைக் கையால் நசுக்கலாம். இதற்கு ஒரு மருந்தை என் மகன் கண்டுபிடிக்கிறான் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ட்ரம்மைப் பார்த்துக்கொள்கிற வேலையை நீ தேவிக்குக் கொடுத்தாய். தினமும் காலை ஏழு மணிக்கு வெப்பம் எவ்வளவு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். தண்ணீர் ஆவியாகி கோட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரைத்தான் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீரை ஊற்றினால் உப்பு கூடிவிடும் என்று சொல்லிக் கொடுத்தாய். பத்தாம் வகுப்பில் கணக்கில் போனதிலிருந்து இவள் வீட்டைவிட்டு வெளியே வந்ததில்லை. மறுதேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. மணமேல்குடியில் தெரியாத பிள்ளைகளோடு போய் உட்கார மாட்டேன் என்று அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். நான் இரண்டு தடவை சொன்னேன், மூன்றாவது தடவை சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் கிடைத்தது என்று என் மனதின் ஒரு மூலை நினைத்தது. அதை இவளை வைத்தே எழுத வைக்கிறேன். அப்படிப்பட்டவள் ஏழு மணி ஆனால் தெர்மாமீட்டரோடு ட்ரம் பக்கத்தில் நிற்பாள். "என் லேப் அசிஸ்டென்ட்" என்று நீ சொன்னால் தாவணியால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடுவாள். ஒரு நாள்கூட ஏழு மணியைத் தவறவிட்டதில்லை.

மார்கழித் தகட்டை எடுத்தாய். வித்தியாசம் பெரிதாக இல்லை என்றாய். தை மாதத்துத் தகட்டையும் எடுத்தாய். பொங்கலுக்கு வந்தவன் கரும்பைக்கூடக் கடிக்கவில்லை. இரண்டு தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாய். நானும் பார்த்தேன். இரண்டும் ஒரே சிவப்புதான். பிறகு உன் ஆராய்ச்சிக்கு கைடாக இருக்கிற சார் போன் செய்தார். நீ வேப்பமரத்துப் பக்கம் போய் நின்று பேசினாலும் அவர் குரல் எனக்குக் கேட்டது. "லேப்ல ஆசிட்ல வந்த ரிசல்ட் கடல் தண்ணியில வரலைன்னா அந்தச் சாப்டரை வச்சு நான் என்னப்பா பண்றது? நான் இந்த வருசம் ரிட்டயர்டு. வேற ஆளுகிட்ட மாறி முதல்ல இருந்து ஆரம்பிக்கிறியா?" நீ "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாய். சாயங்காலம் சவுதியிலிருந்து அப்பா கூப்பிட்டார். "என்னடா டாக்டரு" என்றார். அதற்கும் நீ "சொல்லுங்கப்பா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

நீ கல்லூரிக்குத் திரும்பிப் போன மறுநாள், மழைக்காலத்துக்கு முன்னால் மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்து வைப்போமே, அந்த ஞாபகம் வந்தது. விளக்கெண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு தடவை பூசி எரவாணத்தில் செருகினால் அடுத்த அறுப்பு வரைக்கும் துரு தொடாது. தேவியைக் கூப்பிட்டேன். மருந்து ட்ரம்மில் மிச்சம் இருந்த நான்கு தகட்டையும் மேலே தூக்கச் சொன்னேன்.

"எதுக்கும்மா?"

"தூக்குடி."

"அண்ணன் தொடக் கூடாதுன்னு சொல்லிருக்கு."

"அண்ணன் சோறு திங்காம ஒக்காந்துருந்தானே, பாத்தியா இல்லையா? டாக்டர் மாத்திரை குடுத்தா நாம கூடக் கசாயம் வச்சுக் குடுக்கறதில்லையா? அது மாதிரிதான். தூக்கு."

துருவைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தோம். எண்ணெய் பூசி, கொஞ்ச நேரம் வெயிலில் காட்டி, மறுபடி தொங்கவிட்டோம். அதற்குப் பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அப்படியே செய்தோம். நான்தான் பூசினேன், இவள் நரம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிடிக்க மாட்டேன் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. மருந்துக்குத் துணை என்றுதான் நினைத்தேன் என்று உன்னிடம் சொல்லலாம், அது பாதி உண்மை. தப்பே இல்லை என்று நினைத்திருந்தால், நீ அடுத்த தடவை வந்தபோது முதல் வேலையாக உன்னிடம் சொல்லியிருப்பேன். சொல்லவில்லையே. நீ வருவதற்கு முதல் நாள் அந்தத் துணியை அடுப்பில் போட்டு எரித்தேனே.

வைகாசியில் கடைசித் தகட்டையும் எடை பார்த்துவிட்டு நீ போன் செய்து "ரிசல்ட் வந்துருச்சும்மா" என்றாய். நான் பிள்ளையார் கோயிலுக்குப் போய்ச் சர்க்கரைப் பொங்கல் வைத்தேன். ஆனியில் அறந்தாங்கிக்குப் போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு வந்தோம். மாப்பிள்ளைக்குப் பட்டம் வந்ததும் தையில் கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. இப்போது அந்த நான்கு தகட்டின் எடையும் உன் புத்தகத்தில் அச்சாகிவிட்டது. அந்தத் தகடுகளைக் காப்பாற்றியது உன் பொடி இல்லை தம்பி, விளக்கெண்ணெய். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். உனக்குத் தெரியாமல் உன் தலையில்

இந்த இடத்தில் தேவி பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் நடந்ததையும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

"இதை எழுத வேணாம்மா" என்றாள்.

"ஏன்டி? ஒன் பேரு வருதுன்னு பயமா?"

"அதில்ல. அண்ணனுக்குத் தெரியும்."

"என்னது தெரியும்?"

"எண்ணெ."

நான் அதட்டிய அதட்டலில்தான் மிச்சத்தைச் சொன்னாள். மாசியில் நீ மூன்றாவது தகட்டைத் தூக்கினாயாம். தண்ணீர் அதில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு விழுந்ததாம். விரலால் தேய்த்து மோந்து பார்த்தாயாம். "எண்ணெயா?" என்று கேட்டாயாம். இவள் தலையாட்டினாளாம். "அம்மாவா?" அதற்கும் தலையாட்டினாளாம். நீ "நான் கேட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லாத" என்று சொல்லி, தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி உறையில் போட்டாயாம். அன்றைக்கு மத்தியானம் என்னிடம் இன்னும் ஒரு கரண்டி மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். எனக்கு அந்தச் சாப்பாடு ஞாபகம் இருக்கிறது. பிள்ளைக்குப் பசி திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

தம்பி, இதுவரை எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று இவள் கேட்கிறாள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும். நான் உனக்கு ஒரு செய்தி சொல்ல உட்கார்ந்தேன், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்த செய்தி. நான் உனக்குத் தெரியாது என்று நினைத்தேன், நீ எனக்கு மனம் நோகக் கூடாது என்று நினைத்தாய். நான் தகட்டில் பூசினேன், நீ என் மேல் பூசினாய். நடுவில் இந்தப் பெண்பிள்ளை இரண்டு பேருக்கும் நரம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை "வேற ஒண்ணும் சொல்லணுமாம்மா" என்று கேட்டாயே, அது என்ன கேள்வி என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. நான் சொல்லிவிட மாட்டேனா, சொன்னால் அதை வைத்தாவது வெளியே வந்துவிடலாமே என்று கேட்டிருக்கிறாய். நான் ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்திவிட்டேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள் என்று வேறு சொன்னேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. மாசியில் நீ அதை உடைத்துச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியும். சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்திருக்கும். சார் ரிட்டயர்டு ஆகிவிடுவார். அப்பாவுக்கு வருடக்கணக்காக அந்த வெயிலில் நிற்பதற்கு இருக்கிற ஒரே பேச்சு நீதான். பெண் வீட்டில் பேச்சு அப்போதே ஆரம்பித்துவிட்டது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் முகம் இருந்திருக்கிறது. அறைக்குள் அடைத்த மாதிரி என்று நீ சொன்னது சும்மா சொன்னது இல்லை. ஆனால் தம்பி, அந்த அறை எப்படிப்பட்டது என்று எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும், அதைச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடம் நின்ற வருடம், வகுப்பு டீச்சர் வீடு தேடி வந்தார்கள். என் அப்பாவிடம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா, ஒனக்குப் படிக்க ஆசையா இல்லையா?" என்று கேட்டார்கள். ஆசை நிறைய இருந்தது. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். "அதுக்கு இஷ்டமில்லங்க டீச்சர்" என்று அப்பா சொன்னார். நான் பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை எனக்குப் படிக்க இஷ்டமில்லாமல் போயிற்று என்றுதான் எங்கள் வீட்டில் கதை. நானே உங்களிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பொய் தானாகவே வளர்ந்து நம் வீட்டு உண்மையாகிவிடும். இவளுடைய ஹால் டிக்கெட்டும் அப்படித்தான் போயிற்று. உன் தகடும் அப்படித்தான் போகிறது. நான் பேசாமல் விட்டது ஒரு பள்ளிக்கூடம். நீ பேசாமல் விட்டால் அது புத்தகத்தில் அச்சாகி, தெரியாத யாரோ ஒருவர் அதை நம்பி தன் இரும்பைக் கடலில் இறக்குவார்.

இப்போது தேவி ஒன்று கேட்கிறாள். "பொடி வேலை செய்யலைன்னா, செய்யலைன்னே எழுதக் கூடாதாம்மா? அதுவும் ரிசல்ட்டுதானே?" எனக்குத் தெரியவில்லை. உன் சார் ஒத்துக்கொள்வாரா என்றும் தெரியவில்லை. அவர் முன்னால் வந்து நின்று, கெடுத்தது நான்தான் என்று சொல்ல வேண்டுமென்றால் வருகிறேன். எனக்கு அந்த மாதிரி இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆனாலும் வருகிறேன். நானும் கூட வந்து நிற்கிறேன் என்று இவள் இப்போது தன் கையாலேயே எழுதிக்கொள்கிறாள், நான் சொல்லி எழுதவில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் யோசித்துப் பார்த்தேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய்? "அம்மா, எல்லாம் பேசி முடிச்சாச்சு, அறந்தாங்கியில என்ன சொல்றது" என்பாய். எனக்காக, அப்பாவுக்காக, அந்தப் பெண்ணுக்காக என்று மறுபடியும் உள்ளேயே உட்கார்ந்துகொள்வாய். அதனால் தேவியை நிறுத்தச் சொல்லிவிட்டு அறந்தாங்கிக்குப் போன் போட்டேன். சம்பந்தியம்மாதான் எடுத்தார்கள்.

"சொல்லுங்க சம்பந்தி, சாப்டாச்சா?"

"ஆச்சுங்க. ஒரு விசயம் சொல்லணும். தம்பிக்குப் பட்டம் இப்ப வராதுங்க. ஒரு சோதனை கெட்டுப்போச்சு. மறுபடி செய்யணும்."

"கெட்டுப்போச்சுன்னா? மாப்ளை பண்ணுன தப்பா?"

"இல்லைங்க. நான் கெடுத்தது."

"நீங்களா? அதுல நீங்க போயி என்னங்க கெடுக்க முடியும்?"

சொன்னேன். விளக்கெண்ணெய், துணி, நான்கு தகடு, எல்லாம். நீ மாசியிலேயே கண்டுபிடித்துவிட்டதை மட்டும் சொல்லவில்லை. அது உன்னுடையது, நீதான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினார்கள். பிறகு, "அப்ப எப்பத்தான் வரும்?" என்றார்கள். தெரியாதுங்க என்றேன். "அவுககிட்டச் சொல்லிட்டுக் கூப்புடுறேன்" என்று வைத்துவிட்டார்கள். அடுத்து அப்பாவுக்கும் போட்டேன். வேலையில் இருந்தார். ஒன்றும் திட்டவில்லை. "அவன் என்ன சொல்றான்?" என்று மட்டும் கேட்டார். அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சரி, அவனையே சொல்லச் சொல்லு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. அதை மறைத்து உனக்கு எழுத மாட்டேன்.

இப்போது மணி நாலரை. அறந்தாங்கியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களோ, ஆள் அனுப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ, எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது. உனக்கும் பிடித்திருந்தது என்று தெரியும். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரலாம், வரட்டும். போன தடவையும் உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். அது உன்னை உள்ளே தள்ளியது. இது எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிந்து நான் செய்யவில்லை. பயந்துகொண்டேதான் செய்தேன்.

வெள்ளிக்கிழமை நீ அந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். கொடுத்தாலும் நீ வீட்டுக்கு வரும்போது நான் சோறு போடுவேன், அதில் ஒன்றும் மாறாது. ஆனால் அம்மாவுக்காகச் செய்தேன் என்று இனி நீ சொல்ல முடியாது. அம்மாவுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது.

அம்மா